சும்மாடு தாங்கும் கழுத்துக்குள் என்ன நடக்கிறது? படம்பிடித்துக் காட்டும் அல்ட்ராசவுண்ட்!

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் இருக்கிறது செம்பட்டி. பழனிக்கும் இங்கிருந்து ரோடு பிரிவதால் பஸ் நிறுத்தத்தில் விடிவதற்கு முன்பே ஆள் சேர்ந்துவிடும். பூக்கூடை, காய்கறி மூட்டை, கீரைக்கட்டு, வாழைத்தார் எனப் பல சுமைகள் தலையில்தான் வந்து இறங்கும். பழைய துண்டைச் சுருட்டி உச்சந்தலையில் வைத்தால் சும்மாடு. அதன்மேல் கூடை. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே நடப்பார்கள். பழகியவர்களுக்கு அந்தக் கையும் வேண்டியதில்லை.

அதே நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் தலையைக் கவிழ்த்து செல்போனில் மூழ்கியிருப்பார்கள். இவர்கள் தலையில் கூடை இல்லை. ஆனால், சாயங்காலம் வீடு திரும்பியதும் பாட்டியும் பேத்தியும் சொல்வது ஒன்றைத்தான்... ‘கழுத்து வலிக்குது.’

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டுமல்ல. 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 20 கோடிப் பேருக்கு மேல் கழுத்து வலியோடு இருந்திருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

நம் பக்கத்தில் இதற்கென்று ஒரு வைத்திய வரிசையே உண்டு. முதலில் தைலம். அடுத்து சுளுக்கு எடுப்பவர். ஆண்களாக இருந்தால் சலூனில் ஒரு நெட்டி. பிறகு மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை. எதற்கும் கேட்கவில்லை என்றால் எக்ஸ்ரே. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘எலும்பு தேய்ஞ்சிருக்கும்மா’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கேட்டபின் கழுத்தைத் திருப்பவே பயப்படுகிறவர்கள் ஏராளம்.

எலும்பைப் பார்த்தாயிற்று. அந்த எலும்பைப் பிடித்து நிறுத்தியிருக்கும் தசைகளை யார் பார்ப்பது?

எக்ஸ்ரே சொல்லாத கதை

மனிதத் தலையின் எடை சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ. ஒரு நல்ல பூசணிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூசணிக்காயை ஏழே ஏழு சின்ன எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தாங்குகின்றன. எலும்புகளை மட்டும் அடுக்கி வைத்தால் அது ஒரு நிமிஷம்கூட நிற்காது. நிற்க வைப்பது சுற்றிலும் இருக்கும் தசைகள்.

பிடரியில் கை வைத்தால் தொடுபடுவது மேல்தசை மட்டும்தான். பெயர் ட்ரெபீசியஸ். அதன் அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் மற்றொன்று என்று அடுக்கடுக்காகப் போய், முதுகெலும்பை ஒட்டிய கடைசி அடுக்கில் மல்டிஃபிடஸ் என்ற சின்னத் தசை இருக்கிறது. முன்பக்கமும் அப்படித்தான். தலையைத் திருப்பும்போது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு தெரியுமே, அது மேல்தசை. தொண்டைக்குழாய்க்குப் பின்னால், எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டு லாங்கஸ் கொல்லை, லாங்கஸ் கேப்பிடிஸ் என்று இரண்டு தசைகள் ஒளிந்திருக்கின்றன.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வடம் பிடித்து இழுக்கும் கூட்டம்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் நாலு பேர் இல்லையென்றால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. கழுத்தில் வடம் பிடிப்பவை மேல்தசைகள். முட்டுக்கட்டை போடுபவை ஆழத்தில் இருக்கும் குட்டித் தசைகள்.

எக்ஸ்ரேயில் இந்தத் தசைகள் தெரியாது. எம்.ஆர்.ஐ-யில் நன்றாகவே தெரியும். ஆனால், நோயாளி குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசையாத தசையின் படம்தான் கிடைக்கும். தேரை நிலையில் நிறுத்தி போட்டோ எடுத்துவிட்டு, ஓட்டம் எப்படி என்று கேட்கிற கதைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவிகிதம் பேருக்குக் கழுத்து எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலி மட்டும் இல்லை! ஆக, படத்தில் தேய்மானமோ பிதுக்கமோ தெரிகிறது என்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட முடியாது. தலை நரைப்பது மாதிரி, வயதானால் டிஸ்க்கும் கொஞ்சம் தளரும்.

தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல...

சந்தையில் தேங்காய் வாங்கும்போது தட்டிக் காதருகே வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? உடைக்காமலே உள்ளே எப்படி இருக்கிறது என்று சத்தம் சொல்லிவிடுகிறது. அல்ட்ராசவுண்ட் செய்வதும் இந்த வேலையைத்தான். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இந்த மெஷின் நொடிக்குப் பல லட்சம் அதிர்வுள்ள ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிறது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. தோலில் குளிர்ந்த ஜெல் தடவி, சோப்புக்கட்டி அளவுக் கருவி ஒன்றை வைத்து அழுத்துவார்கள். ஜெல் எதற்கு என்றால், நடுவில் துளி காற்று இருந்தாலும் ஒலி அதிலேயே மோதித் திரும்பிவிடும்.

திரையில் தசை கறுப்பாகத் தெரியும். தசைகளைப் பிரிக்கும் உறைகள் வெள்ளைக் கோடுகள். நீளவாக்கில் பார்த்தால் வாழைமட்டையைக் கிழித்தது போல நார் நாராக இருக்கும். எலும்பு பளீரென்று ஒரு வெள்ளை வளைவு. அதற்குக் கீழே ஒரே இருட்டு. நோயாளி தலையை லேசாக அசைத்தால் போதும், தசை சுருங்கித் தடிப்பதும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போவதும் சினிமா மாதிரி ஓடும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ‘பிசியோதெரபியில் எனக்கு அல்ட்ராசவுண்ட் வெச்சாங்களே’ என்று சிலர் சொல்வார்கள். அது வேறு. அங்கே ஒலியலையைத் தசைக்குள் செலுத்தி வைத்தியம் செய்கிறார்கள். படம் எதுவும் வராது. பெயர்தான் ஒன்று.

படம் காட்டும் மெஷினின் பிறந்த கதை சுவாரஸ்யமானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், தொழிற்சாலையில் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைக் கொண்டு வயிற்றுக் கட்டிகளைப் பார்க்க முடியுமா என்று 1955-ல் முயற்சி செய்தார். 1958-ல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஸ்கேன் சென்டர்களின் வரலாறு தொடங்குகிறது. வயிற்றுக்குள் பார்த்த கருவி தசைப் பக்கம் திரும்ப ரொம்ப நாள் ஆகவில்லை. 1968-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இகாயும் ஃபுகுநாகாவும் கைத்தசையின் குறுக்களவை அல்ட்ராசவுண்டில் அளந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் தசைக்குச் சராசரியாக 6.3 கிலோ இழுவிசை இருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள்.

கை, தொடையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கழுத்துக்கு வந்தார்கள். காரணம் உண்டு. கழுத்தில் தசைகள் சின்னவை, அடுக்குகள் நெருக்கமானவை. நடுவில் ரத்தக்குழாய், மூச்சுக்குழாய் என்று ஏகப்பட்ட சமாசாரங்கள். படத்தில் எது எந்தத் தசை என்று கோடு பிரிக்கவே பழக்கம் வேண்டும்.

மூக்கு வழியே ஒரு ஒயர்

அல்ட்ராசவுண்ட் வராமலே கழுத்துத் தசையைப் படிக்க முடியாதா? முடியும். ஆனால், அதற்கு என்ன பாடுபட்டார்கள் என்று தெரிந்தால் இந்த மெஷினின் அருமை புரியும்.

தசை வேலை செய்யும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். அதை அளப்பதற்கு இ.எம்.ஜி. என்று பெயர். தோலில் ஸ்டிக்கர் ஒட்டினால் மேல்தசையின் மின்சாரம் கிடைக்கும். ஆழத்தில் இருக்கும் தசைக்கு ஊசி குத்த வேண்டும். தொண்டைக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு ஊசியும் ஆபத்து.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி பேராசிரியர் க்வென் ஜல், ஆய்வாளர் டெபோரா ஃபல்லா ஆகியோரின் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. மெல்லிய குழாயில் மின்முனையைப் பொருத்தி, மூக்கு வழியாக விட்டு, தொண்டையின் பின்சுவரில் உறிஞ்சி ஒட்டவைத்தார்கள். அந்தச் சுவருக்கு நேர் பின்னால்தான் லாங்கஸ் தசைகள் இருக்கின்றன. மூக்கில் ஒயரோடு படுத்துக்கொண்டு தலையை அசைக்கச் சம்மதித்தவர்களுக்குத்தான் முதல் நன்றி சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு வைத்த சோதனை ரொம்பச் சின்னது. மல்லாந்து படுக்க வேண்டும். பிரஷர் பார்க்கும் கருவியில் இருப்பது போன்ற ஒரு காற்றுப்பையைக் கழுத்துக்கு அடியில் வைத்து 20 புள்ளி வரை காற்று ஏற்றுவார்கள். தலையைத் தூக்காமல், ‘சரி’ என்று தலையாட்டுவது போல முகவாயை மெல்ல உள்ளே இழுத்து, முள் 22-க்கு வரும்படி பிடித்து நிற்க வேண்டும். பிறகு 24, 26, 28, 30. அவ்வளவுதான். பார்த்தால் குழந்தை விளையாட்டு போல இருக்கும்.

2004-ல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள், கழுத்து வலி உள்ளவர்கள் 10 பேர், வலியில்லாதவர்கள் 10 பேர். வலி உள்ளவர்களுக்கு ஆழத்துத் தசையின் மின்சாரம் குறைவாக இருந்தது. முட்டுக்கட்டை போடுகிறவர் அசந்துவிட்டால், வடம் பிடிப்பவர்கள் அந்த வேலையையும் சேர்த்து இழுக்கிறார்கள். நாள் முழுக்க இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

இருபது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் மூக்கில் ஒயர் விடவும் முடியாது. அல்ட்ராசவுண்ட் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

ஸ்வீடனில் ஓடிய கழுத்து சினிமா

பின்லாந்து, ஈரான், இங்கிலாந்து, ஸ்பெயின் என்று பல நாடுகளில் பிடரித் தசைகளை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தார்கள். 2006-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் கூடிய நிபுணர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள் இந்த மெஷினை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று வரையறையே வகுத்தார்கள்.

வெறும் அளவு எடுப்பதைத் தாண்டி ஒரு படி மேலே போனது ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் அன்னெலி பியோல்சனின் குழு. அவர்கள் கடன் வாங்கியது இதய மருத்துவர்களின் உத்தியை. அல்ட்ராசவுண்ட் படத்தை உற்றுப் பார்த்தால் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். ஒரு சிறு இடத்துப் புள்ளிக் கூட்டத்தை கம்ப்யூட்டரிடம் காட்டிக் கொடுத்தால், வீடியோவின் ஒவ்வொரு படத்திலும் அதைத் தொடர்ந்து துரத்திக்கொண்டே போகும். தசை எவ்வளவு நீண்டது, சுருங்கியது, எவ்வளவு வேகத்தில் என்று அதிலிருந்து கணக்கிடலாம். இதயச் சுவர் சரியாகத் துடிக்கிறதா என்று பார்க்க வந்த வித்தையைப் பிடரியின் ஐந்து அடுக்குக்கும், முன்கழுத்தின் மூன்று தசைக்கும் வைத்துப் பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்தது கார் விபத்தில் கழுத்து குலுங்கி, மாதக்கணக்கில் வலி போகாத ஆட்களை. பின்னாலிருந்து வண்டி மோதும்போது தலை முன்னும் பின்னும் சாட்டை மாதிரி வீசப்படுமே, அந்த அடி. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. வீட்டில் உள்ளவர்களே ‘நடிக்கிறாயா?’ என்று கேட்கும் வலி அது. பியோல்சன் குழுவைச் சேர்ந்த குன்னெல் பீட்டர்சன் முன்னின்று எழுதி 2015-ல் வந்த கட்டுரை, முன்கழுத்துத் தசைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்தது. நல்ல கழுத்தில் இந்தத் தசைகளுக்கு இடையே ஓர் ஒத்திசைவு இருந்தது. அடிபட்ட கழுத்தில் அந்த ஒத்திசைவு மாறியிருந்தது. பல வருஷமாக ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு, திரையில் தெரிந்த அந்த வித்தியாசம் பெரிய ஆறுதல்.

அதே குழுவின் இன்னொரு வேலைதான் நமக்கு முக்கியம். இப்படி நாள்பட்ட வலி உள்ள 216 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கு கழுத்துக்கென்றே தனிப்பயிற்சி. ஆழத்துத் தசைகளை லேசாக எழுப்புவதில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனார்கள். அதில் ஒரு குழுவுக்கு வலியைச் சமாளிக்கும் மனப்பயிற்சியும் சேர்ந்தது. மூன்றாவது குழுவுக்குப் பொதுவான உடற்பயிற்சிதான் பரிந்துரை. தனிப்பயிற்சி செய்த இரண்டு குழுவும், பொதுவான பயிற்சி செய்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ‘கழுத்து வலியா, தினமும் வாக்கிங் போங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலே தசையின் தடிமன் மாறிவிடும். பிடிக்கிற கைக்குத் தகுந்தபடி அளவும் மாறும். சில ஆய்வுகளில் வலி உள்ளவர்களின் தசை மெலிந்திருந்தது, சிலவற்றில் வித்தியாசம் இல்லை. தசை சோர்ந்ததால் வலி வந்ததா, வலி வந்ததால் தசை ஒதுங்கிக்கொண்டதா என்ற கேள்வியும் இருக்கிறது. நல்ல ஆட்களுக்கு ஊசி மூலம் கொஞ்ச நேரம் வலி உண்டாக்கினாலே தசைகள் வேலையைப் பங்கிடும் விதம் மாறிவிடுகிறது. அதனால், ஒரு தனி ஆளின் கழுத்தை ஸ்கேன் செய்து ‘உங்கள் வலிக்கு இந்தத் தசைதான் காரணம்’ என்று யாராவது சொன்னால், கொஞ்சம் யோசிக்கலாம்.

கூடையா, செல்போனா... எது மோசம்?

தலைச்சுமையைப் பற்றி ஆப்பிரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1986-ல் கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்து நடந்தாலும் அவர்களுக்குக் கூடுதல் சக்தி செலவாகவில்லை என்றது அது. 50 கிலோ பெண் 10 கிலோ கூடையை ‘இலவசமாக’ச் சுமக்கிறார். ஊசல் ஆடுவது போல நடையிலேயே சக்தியை மிச்சப்படுத்துகிறார்கள் என்று பின்னால் விளக்கம் வந்தது.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தக் கணக்கில் கழுத்து இல்லை. 2010-ல் தென்னாப்பிரிக்காவின் கோசா இனப் பெண்களிடம் சுமையைத் தலையிலும் முதுகிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முதுகில் சுமந்தால் பல இடங்களில் அசௌகரியம். ஆனால், ‘போதும், இறக்கு’ என்று சோதனையை நிறுத்த வைத்தது பெரும்பாலும் தலைச்சுமையில் வந்த கழுத்து வலிதான்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருக்கிறது. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல். கர்ப்பிணியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது வழக்கம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். குனியாமல், இன்னொருவர் கை கொடுக்காமல், நின்ற வாக்கில் தலைச்சுமையை அப்படியே நகர்த்தி வைக்கும் உயரம். ஆழத்துத் தசைகள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை. அவற்றுக்கு நடுநடுவே ஓய்வு தேவை. இன்று ரோடு அகலமானதில் பல சுமைதாங்கிகள் போய்விட்டன. பஸ் நிறுத்தத்தில் கூடையை வைக்க அந்த உயரத்தில் ஒரு திண்ணை கட்டுவதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

செல்போன் பக்கம் வருவோம். ‘60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம்’ என்ற படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அது 2014-ல் நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கம்ப்யூட்டர் மாடலில் போட்ட கணக்கு. யாருடைய கழுத்திலும் தராசு வைத்து அளந்தது அல்ல. குனிந்தால் பிடரித் தசைக்கு வேலை கூடும் என்பது உண்மை. அதற்காக போனைப் பார்க்கிற எல்லாருடைய எலும்பும் நொறுங்கிவிடும் என்பது மிகை. ஒரே நிலையில் வெகுநேரம் இருப்பதைத் தவிர்ப்பதுதான் முதல் வேலை. இதைப் படிக்கும் உங்களுக்கும்தான்!

செம்பட்டியில் இந்தப் படத்தைப் பார்க்க முடியாதது ஏன்?

ஸ்வீடன், பின்லாந்து, ஆஸ்திரேலியா என்று கழுத்துகள் வரிசையாக வந்தன. சும்மாடு வைத்துப் பழகிய திண்டுக்கல் கழுத்து அந்த வரிசையில் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் மேஜை மேல் மெஷினை வைத்து நோயாளியிடமே திரையைக் காட்டி, ‘இதோ, இந்தத் தசை அசையுது பாருங்க’ என்று பயிற்சி தரலாம். இங்கே முடியாது. சட்டம் இடம் கொடுக்காது.

நம் ஊர் ஸ்கேன் சென்டர் வாசலில் உள்ள போர்டு எல்லாருக்கும் மனப்பாடம். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, சொல்வது குற்றம். அந்த போர்டுக்குப் பின்னால் இருப்பது 1994-ல் நிறைவேறி, 1996-ல் நடைமுறைக்கு வந்து, 2003-ல் இன்னும் இறுக்கப்பட்ட சட்டம். மெஷின் எதுவாக இருந்தாலும், எந்த உறுப்பைப் பார்க்க வாங்கினாலும் பதிவு செய்ய வேண்டும். தகுதியுள்ள டாக்டர்தான் இயக்க வேண்டும். கையில் தூக்கிப் போகும் சின்ன மெஷினுக்கும் கட்டுப்பாடு உண்டு. மீறினால் முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும்.

இந்தச் சட்டம் வேறெந்தப் பகுதியையும்விட இந்தப் பக்கத்துக்கு அதிகம் புரிய வேண்டும். வத்தலக்குண்டைத் தாண்டிப் போனால் உசிலம்பட்டி. பெண் சிசுக்கொலை பற்றி 1980-களில் நாடே பேசியது அந்தப் பெயரை வைத்துத்தான். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் மதுரை, தேனியோடு திண்டுக்கல்லுக்கும் வந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரை உள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். பத்து வருஷத்துக்கு முன்பு 942. பத்து வருஷத்தில் ஒன்றே ஒன்று!

அதனால், ‘கழுத்து பார்க்கத்தானே’ என்று சட்டத்தைத் தளர்த்தச் சொல்வது சரியாக இருக்காது. கழுத்து பார்க்கும் அறையில் யார் வந்து படுக்கிறார்கள் என்று யார் எண்ணிக்கொண்டிருப்பது? மாறாக, இருக்கிற சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. பதிவு பெற்ற ஸ்கேன் அறையில், டாக்டர் கையில் கருவி, பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட். இது எந்த அரசு மருத்துவக் கல்லூரியிலும் நடக்கக்கூடியதுதான். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி பூ மார்க்கெட்டிலும் காய்கறி மார்க்கெட்டிலும் சுமை தூக்கும் கழுத்துகளுக்குக் குறைவே இல்லை. நல்ல ஆராய்ச்சிக் கேள்வி வாசலிலேயே கிடக்கிறது.

மெஷின் இல்லாமலே செய்யலாம்

நல்ல சேதி என்னவென்றால், அந்தப் படங்களிலிருந்து கிடைத்த பாடத்தை எடுத்துக்கொள்ள மெஷின் வேண்டியதில்லை.

பாயில் மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தலைக்கு உயரத் தலையணை வேண்டாம். துண்டை இரண்டாக மடித்து வைத்தால் போதும். தலையைத் தூக்காமல், ‘சரி’ என்று மிக மெதுவாகத் தலையாட்டுவது போல முகவாயை உள்ளே இழுங்கள். இரண்டு விரலை முன்கழுத்தின் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு மாதிரி தசை விரலில் புடைத்தால் வடம் பிடிப்பவர் புகுந்துவிட்டார் என்று அர்த்தம். இன்னும் குறைவான விசையில் செய்யுங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம். சில நொடிகள் பிடித்து விடுங்கள். பழகப் பழக பத்து நொடி, பத்து முறை என்று கூட்டலாம். வலித்தால் நிறுத்திவிடுங்கள். ‘இவ்வளவு லேசாகச் செய்தால் என்ன பலன்’ என்று தோன்றும். வலுவாகச் செய்தால் மேல்தசைதான் வேலை செய்யும். லேசாகச் செய்வதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது. அதற்குக் காசு செலவழித்து டவுனுக்குப் போக முடியாதவர்கள், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவதுதான் எல்லாருக்கும் தெரியும். அந்தத் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விவரம் கேளுங்கள்.

சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. சட்டென்று திருகினால் அவற்றின் உட்சுவர் கிழியலாம், பக்கவாதம்கூட வரலாம்.

கழுத்து வலியோடு கையில் பலம் குறைந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, சட்டைப் பட்டன் போடத் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, விபத்துக்குப் பின் வலி வந்தாலோ பயிற்சியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள்.